விரல்நுனி அறியும் காரை

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் துறையில் பணியாற்றுவோரை மூன்று வகையாகப் பிரித்தது. பல் மருத்துவர் ஒருவர். பல்செட்டு முதலியவற்றைச் செய்தும் செப்பனிட்டும் தருகிற டென்டல் மெக்கானிக் மற்றொருவர். மருத்துவமனை வட்டாரத்தில் ஹைஜீனிஸ்ட் என்று வழங்கும் பல் சுகாதாரப் பணியாளர் மூன்றாமவர். மருத்துவராக இல்லாமல், பற்களில் படிந்த காரையை நீக்கித் தூய்மையாக்கி மெருகிடுபவரோ, பல் சுகாதாரம் குறித்துப் பிறருக்கு அறிவுறுத்துபவரோ ஹைஜீனிஸ்ட் ஆவார் என்பது அச்சட்டம் தரும் இலக்கணம். இவ்விலக்கணத்தின் முற்பாதி கையைச் சார்ந்தது, பிற்பாதி சொல்லைச் சார்ந்தது. சென்னையின் மேற்குப் புறநகரில் இத்தொழிலை அருகிலிருந்து பார்க்கும்போது, முற்பாதியை மட்டுமே தொழிலாகக் கருதும் வழக்கம் எவ்வளவு பெரிய பிழை என்பது தெளிவாகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும், மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியும், சற்று வடக்கே முகப்பேரில் தாய் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரியும் இருப்பதால், பல் மருத்துவக் கல்வி இவ்வளவு நெருங்கிக் கூடிய பகுதி தமிழ்நாட்டில் அரிது. இக்கல்லூரிகளைச் சூழ்ந்து வாழ்வோரில் பெரும்பகுதியினர் 1960களில் உருவான தொழில் உலகத்தின் மக்கள். 1964இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் முலாம் பூசும் பட்டறைகளிலும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலும், பாடி, திருமுல்லைவாயில் பக்கத்துச் சிறு கம்பெனிகளிலும் ஷிப்டு முறையில் உழைக்கும் இவர்கள், வலி தாங்க முடியாமல் போகும் வரை பல்லுக்காக அரை நாள் கூலியை விட மனம் கொள்வதில்லை. ஆகவே, இப்பகுதியில் ஹைஜீனிஸ்டின் நாற்காலியில் வந்து அமரும் வாய் பெரும்பாலும் பல ஆண்டுக் காரை சுமந்த வாயாகவே இருக்கிறது.

காரை என்ற சொல் இங்கே மிகப் பொருத்தமானது. பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு மென்மையான ஒரு படலமாகப் பரவுகின்றன, இதுவே பற்படலம். நீக்கப்படாமல் நாட்பட்ட படலத்தில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி, சுவரில் பூசிய சுண்ணாம்புக் காரை இறுகுவதைப் போல, அதைக் கல்லாக்கி விடுகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் நாக்கின் அடியிலும் மேற்கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்திலும் திறப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறமும் மேற்கடைவாய்ப் பற்களின் கன்னப்புறமும் காரை மிகுதியாகப் படியும் இடங்கள். பயிற்சி பெற்ற ஹைஜீனிஸ்ட் கண்ணாடியை முதலில் அவ்விடங்களுக்கே கொண்டுசெல்வதற்கு இவ்வுடற்கூற்று அறிவே காரணம். ஈற்றுக்கு மேலே உள்ள மஞ்சள் காரையை யாரும் காண முடியும். ஈற்றுக்கு அடியில் வேரை ஒட்டி இருக்கும் கரும்பச்சை அல்லது கருப்புக் காரையோ கண்ணுக்குப் புலப்படாது. அதை விரல்தான் காண வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தோர் சேரும் 2 ஆண்டு ஹைஜீனிஸ்ட் பட்டயப் படிப்பின் பெரும் உழைப்பு இந்த விரலைப் பழக்குவதிலேயே செலவாகிறது. பயிற்சிக்கூடத்தில் ரப்பர் கன்னமும் பொய்ப் பற்களும் பொருத்திய பொம்மைத் தலைகள் வரிசையாக நாற்காலியில் சாய்ந்திருக்க, மாணவியர் முதலில் கற்பது கருவியை அல்ல, உட்காரும் முறையை. நோயாளியின் தலையைக் கடிகார முகமாகக் கொண்டு, எந்தப் பல்லுக்கு எந்த மணி நிலையில் அமர வேண்டும், முழங்கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும், விளக்கு எங்கிருந்து விழ வேண்டும் என்பன வகுக்கப்பட்டுள்ளன. கழுத்தை வளைத்துப் பழகிவிட்டவருக்குக் கழுத்துவலியும் முதுகுவலியும் தொழிலையே முடித்துவிடக்கூடும் என்பதால் ஆசிரியர்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பேனா பிடிப்பதை ஒத்த, ஆனால் நடுவிரலின் நுனி கருவியின் தண்டில் படியும் பிடிமுறையும், மோதிர விரலை அருகிலுள்ள பல்லின் மேல் ஊன்றிக்கொள்ளும் பழக்கமும் அடுத்து வருகின்றன. ஊன்றிய விரல் அச்சாணி. நோயாளி திடுமெனத் தலையை அசைத்தாலும் கையும் உடன் அசைவதால் கருவி ஈற்றைக் கிழிக்காமல் காப்பது அதுவே.

ஈற்றின் ஆழத்தை அளக்கும் கருவி புரோப் எனப்படும். வில்லியம்ஸ் புரோப்பில் மில்லிமீட்டர்க் கோடுகள் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று அமைந்து, 4, 6 ஆகிய கோடுகள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். நெருங்கிய கோடுகளுக்கு இடையே கண் தடுமாறாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள பள்ளம் நலமான வாயில் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடங்கள் என்ற கணக்கில் 32 பற்களுக்கு 192 முறை இக்கருவி இறங்கி ஏற வேண்டும். அதன் அழுத்தம் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் எடைக்குள் நிற்க வேண்டும். மாணவியர் இந்த அழுத்தத்தைச் சமையலறைத் தராசு போன்ற சிறு தராசின் மேல் கருவியை ஊன்றிப் பழகுவது பயனுள்ள முறை. அழுத்தம் கூடினால் நல்ல ஈறும் கசியும். குறைந்தால் நோயுள்ள பள்ளமும் ஆழமற்றதாகத் தோன்றும். அளவோடு, எந்தெந்த இடத்தில் இரத்தம் கசிந்தது என்பதும் அட்டவணையில் குறிக்கப்படும். எண்களை ஒருவர் சொல்ல மற்றவர் எழுத, பயிற்சிக்கூடம் முழுவதும் கேட்கும் "மூணு, ரெண்டு, மூணு, நாலு, ப்ளீடிங்" என்ற தாழ்ந்த குரல், வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பறையை நினைவூட்டுகிறது.

காரையை நீக்கும் கைக்கருவிகளில் நுட்பமானவை க்யூரெட்டுகள். அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த கிளேட்டன் கிரேசி என்ற பல் மருத்துவரின் பெயரால் வழங்கும் கிரேசி க்யூரெட்டுகள், வாயின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வளைவாக எண்ணிடப்பட்டவை. முன்பற்களுக்கு 1/2, கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14 என்று கை தானாக எடுக்கும் வரை மாணவி அவற்றை மனப்பாடம் செய்கிறாள். இதன் அலகு தண்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் 70 பாகை சாய்ந்திருப்பதால் இரு விளிம்புகளில் ஒன்று மட்டுமே வெட்டும். அந்த விளிம்பை அடையாளம் காணாதவர் கையில் இக்கருவி வெறும் இரும்புக் குச்சி. அலகை வேரோடு படுக்க வைத்து ஈற்றுக்குள் நுழைத்து, அடியில் சென்றதும் 45 பாகைக்கு மேலாகவும் 90 பாகைக்குக் குறைவாகவும் திறந்து, காரையைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். சொரசொரப்பு மறைந்து கண்ணாடியில் விரல் சறுக்குவதைப் போன்ற உணர்வு தண்டின் வழியே விரல்நுனிக்கு ஏறும்போதுதான் அவ்வேர் சுத்தமாயிற்று என்பது தெரியும்.

அந்த உணர்வும் ஏமாற்றக்கூடும் என்பதே இக்கைத்தொழிலின் ஆழமான பாடம். மழுங்கிய அலகு காரையைப் பெயர்க்காமல் அதன் மேற்பரப்பை வழித்து வழவழப்பாக்கி விடுவதால், வேர் சுத்தம் என்று விரல் நம்ப, காரை உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே சாணை பிடிப்பது இங்கே துணை வேலை அல்ல; அதுவே தொழிலின் பாதி. அலகின் முகப்புக்கும் சாணைக்கல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகை வரை கோணம் வைத்து, கல்லை மேலும் கீழுமாக நகர்த்தி, விளக்கின் கீழ் விளிம்பைப் பார்த்தால், மழுங்கிய விளிம்பு ஒளியைத் திருப்பி மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். கூரிய விளிம்பில் அக்கோடு இராது. லேத் பட்டறையில் டூல் தீட்டிப் பழகிய அம்பத்தூர்த் தொழிலாளி இதைக் கண்டால் உடனே புரிந்துகொள்வார். இரு தொழில்களுக்கும் இடையிலான இந்த உறவை எந்தப் பாடநூலும் சொல்லாவிட்டாலும், களத்தில் அது கண்கூடாகத் தெரிகிறது.

இன்று பெருவாரியான காரையை நீக்குவது வினாடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிரும் மீயொலிக் கருவி. அதன் நுனியை அழுத்தாமல், பக்கவாட்டில் படியவிட்டு, நீர் தெளித்துக்கொண்டே நகர்த்த வேண்டும். அழுத்தினால் அதிர்வு அடங்கிப் பயன் குறைவதோடு பல்லின் மேற்பரப்பும் கீறப்படும். இக்கருவியைச் சுற்றியே மக்களின் மிகப் பெரிய அச்சமும் வளர்ந்திருக்கிறது. "க்ளீன் பண்ணா பல்லு தேஞ்சு ஆட ஆரம்பிச்சிடும்னு சொல்றாங்களே மேடம்" என்ற கேள்வி எழாத நாளே இல்லை எனலாம். பற்களுக்கு இடையே அடைத்து அவற்றைக் கட்டி நிறுத்தியிருந்த காரை அகன்றவுடன் இடைவெளி தெரிவதும், வேர் வெளிப்பட்டுச் சில நாள் கூசுவதும், ஏற்கெனவே எலும்பை இழந்திருந்த பல்லின் ஆட்டம் வெளிப்படுவதும் இவ்வச்சத்துக்குக் காரணம். கைவேலையைப் பார்த்துக்கொண்டே இதை விளக்கத் தெரியாத ஹைஜீனிஸ்டிடம் அந்த நோயாளி மறுமுறை வருவதில்லை.

கருவிகளைத் தேய்த்துக் கழுவி, உறையிட்டு, ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைப்பதும், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும் உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைச் சிவப்புப் பையிலும் பிரித்திடுவதும் எவரும் கற்கக்கூடிய ஒழுங்குகள். கற்றுத்தர அரியது, கருவியைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, மாற்று இதய வால்வு வைத்துக்கொண்டவரா என்பன தெரியாமல் ஈற்றில் கை வைக்கக் கூடாது. வலிப்புக்குத் தரப்படும் பெனிட்டாயினும் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபினும் சிலருக்கு ஈற்றை வீங்கி வளரச் செய்யும் என்பதை அறிந்தவர், அந்த வீக்கத்தை அழுக்கின் விளைவு என்று மட்டும் எண்ணி நோயாளியைக் கடிந்துகொள்ள மாட்டார்.

வாயைக் கண்டு தொழிலை ஊகிக்கும் திறன் இப்பகுதியில் தனிச் சிறப்பு உடையது. முலாம் பூசும் இடத்தில் அமில ஆவி படுவோரின் முன்பற்கள் கரைந்து மெலிவதுண்டு. ஈயத்தோடு பழகுவோரின் ஈற்றோரத்தில் நீலக்கருங்கோடு தோன்றுவதை லண்டன் மருத்துவர் ஹென்றி பர்ட்டன் 1840இலேயே பதிவு செய்தார். இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட ஹான்ஸ் என்னும் மெல்லும் புகையிலையை வைப்பவரின் கன்னத்தில், பொட்டலம் தங்கும் அதே இடத்தில், வெள்ளைத் திட்டு காணப்படுவதுண்டு. புகைப்பவரின் ஈறோ நிக்கோட்டினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, நோய் முற்றிய நிலையிலும் கசியாமல் நலமுள்ளதுபோல் நடிக்கும். இவற்றைக் கண்டறிந்து பல் மருத்துவரிடம் சொல்வது ஹைஜீனிஸ்டின் கடமை. நோயைத் தீர்மானிப்பது அவர் வேலை அல்ல. இந்த எல்லையை மதித்துக்கொண்டே கண்ணைத் திறந்து வைத்திருப்பது பெரிய பண்பு.

இத்துறையின் அடிப்படை அறிவில் ஒரு பகுதி தமிழ்த் தொழிலாளரின் வாயிலிருந்தே பெறப்பட்டது என்பதைப் பலர் அறியார். ஹரால்டு லோ என்ற நார்வே அறிஞரும் அவர் குழுவினரும் 1970 முதல் 1985 வரை, இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆண் தொழிலாளரை, பல் சிகிச்சையே பெற்றறியாத அம்மக்களை, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தனர். எல்லோர் வாயிலும் காரையும் ஈற்றழற்சியும் இருந்தும், ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பற்களைப் பறித்தது. 81 விழுக்காட்டினருக்கு மெல்ல முன்னேறியது. 11 விழுக்காட்டினருக்கு ஈற்றழற்சியைத் தாண்டவே இல்லை. 1986இல் வெளியான இம்முடிவு, ஒரே அழுக்கு எல்லோரையும் ஒரே அளவில் அழிப்பதில்லை என்பதை உலகுக்குக் காட்டியது. மலையகத் தமிழர் பதினைந்து ஆண்டு சிகிச்சையின்றித் தந்த இந்த அறிவு, தமிழ் பேசும் ஊர் ஒன்றின் ஷிப்டுத் தொழிலாளிக்கு எளிய சொல்லில் திரும்பிச் சேர வேண்டியது கடன் என்றே கருத வேண்டும். அதைச் சேர்க்கும் பொறுப்பு சட்டம் தரும் இலக்கணத்தின் பிற்பாதியில் இருக்கிறது.

இத்தொழிலைத் தோற்றுவித்தவரும் இந்தப் பிற்பாதியையே முதன்மையாகக் கருதினார். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரப் பல் மருத்துவர் ஆல்பிரட் ஃபோன்ஸ், 1906இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் தூய்மைப் பணியைக் கற்பித்து, 1913இல் இதற்கெனப் பள்ளி தொடங்கி, பயின்று வெளிவந்த பெண்களை நகரின் பள்ளிக் குழந்தைகளிடம் அனுப்பினார். இந்தியாவிலோ, பல் மருத்துவப் பட்டதாரிகள் பெருகியதால் காரை நீக்குதல் அவர்கள் கைக்கே சென்றுவிட, சிறு கிளினிக்குகளில் பார்த்துப் பழகிய உதவியாளரே போதும் என்ற நிலை ஏற்பட்டு, முறையாகப் பயின்ற ஹைஜீனிஸ்ட் அருகிப்போனார். 2023இல் நாடாளுமன்றம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை நிரப்பத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றிய பின்னும், தொழிற்பேட்டையின் வாயிற்கதவருகே அறிவுறுத்தும் ஒருவரை யார் நியமிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த அறிவுறுத்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதை, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்த ஒரு தொழிலாளியின் நாற்காலியருகே காணலாயிற்று. ஹைஜீனிஸ்ட் பழைய அட்டவணையையும் புதியதையும் அருகருகே வைத்து, இரத்தம் கசிந்த இடங்கள் இடப்புறம் குறைந்து வலப்புறம் மட்டும் நின்றுவிட்டதை அவருக்குக் காட்டினார். "அண்ணா, இடது பக்கம் நல்லாத் தேய்ச்சிருக்கீங்க. வலது கையால பிரஷ்ஷைப் பிடிக்கிறதால வலது பக்கம் வரும்போது கை மடங்குது, அதான் விட்டுப் போகுது" என்று சொல்லி, அவர் கையிலேயே பிரஷ்ஷைக் கொடுத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து மெல்ல அசைக்கச் செய்தார். கண்ணாடியைப் பார்த்தபடி மூன்றாம் முறை அவர் சரியாகச் செய்ததும், அடுத்த பரிசோதனை நாள் எந்த ஷிப்டில் வருகிறது என்று கேட்டு, அதற்கேற்ப மாலை நேரத்தைக் குறித்துக்கொடுத்தார்.