தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ரோட்டில் யார் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடி, பிள்ளைகளின் பாடம் சூமுக்கு மாறிய நாளில் தொடங்கிய பழக்கம் அது. காசு வாங்கமாட்டேன். "தம்பி செய்தா சரியா இருக்கும்" என்று சொல்வார்கள், அது போதும். அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்தேன்.

மகனோ மகளோ கட்டாரில், துபாயில் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அங்கிருந்தே வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சிசிடிவி கமரா போடுவார்கள். சிம் போடும் 4ஜி ரவுட்டரில் அது பெரும்பாலும் சரிவராது. கம்பனி ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால் வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு எந்த வீடு என்று தெரியாது. ஃபைபர் லைனில் தனி முகவரி கிடைத்த வீடுகளில் ரவுட்டரின் 192.168.1.1 பக்கத்துக்குள் போய், கமராப் பெட்டிக்கு ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து வரும் ஒரு வாசலை, திறந்துவிடுவேன். அதுவும் வேலை செய்யாவிட்டால் பெட்டியை டீஎம்இசட்டில் போட்டுவிடுவேன். அப்படிப் போட்டால் அந்தப் பெட்டியின் எல்லாப் போர்ட்டுகளும் உலகத்துக்குத் திறந்துவிடும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஞாபகம் வைப்பது லேசு.

இது ஆபத்து என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. 2016இல் மிராய் என்ற புரோகிராம் இதே வழியில்தான் உலகம் முழுக்கக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகள், அவ்வளவும் கம்பனிகள் போட்டு அனுப்பியவை. அந்த வருடம் ஒக்டோபர் 21ஆம் திகதி, பிடித்த பெட்டிகளை ஏவி, வெப்தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டின் நிறுவனத்தை அடித்தார்கள். அதை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. இதையெல்லாம் நண்பர்களுக்கு விளக்கியவன் நான்.

என் வீட்டில் பழைய கொம்பியூட்டர் ஒன்றைச் சேர்வராக்கி, குடும்பப் படங்களை வைத்திருந்தேன். ஒரு இரவு யார் உள்ளே வர முயன்றார்கள் என்று எழுதிவைக்கும் அதன் பதிவேட்டைத் திறந்தால் ரூட், அட்மின், யூசர் என்று வெளிநாட்டு முகவரிகளிலிருந்து செக்கனுக்குச் செக்கன் முயற்சிகள். உள்ளே யாரும் வரவில்லை. அன்றிரவே போர்ட்டை மூடினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டேன். சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது.

மற்ற வீடுகள் அப்படியே இருந்தன. மேல் வீட்டு அக்காவை அடுத்த நாளே ரோட்டில் கண்டேன். "கமரா எல்லாம் நல்லா வேலை செய்யுது தம்பி" என்றார். "சந்தோஷம் அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் வீட்டு ஹோலில், பாட்டி படுக்கும் கட்டிலுக்கு நேரே ஆணி அடித்துக் கமராவைக் கட்டியது நான். டோஹாவில் இருக்கும் மகள், பாட்டி இரவு மாத்திரை போடுகிறாரா என்று அதில்தான் பார்ப்பாள். வேறு யாரும் பார்த்தார்களா? அந்தப் பெட்டியில் சில நாள் பதிவுதான் தங்கும். அந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் கிடைக்காது.

நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொன்னால் "தம்பி செய்தா சரி" என்ற பேச்சு போய்விடுமே என்ற பயம். ஒரு கிழவியின் மானத்தைவிட என் பெயர் எனக்குப் பெரிதாகிவிட்டது. மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை.

இப்போது வீடு வீடாகப் போய், நடந்ததைச் சொல்லி, மாற்றிக் கொடுக்கிறேன். அந்த அக்கா கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு கமராவைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

உங்கள் வீட்டு ரவுட்டரையோ கமராவையோ என்னைப் போல ஒருவர் அமைத்துத் தந்திருந்தால், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். எந்தப் போர்ட்டைத் திறந்தீர்கள், டீஎம்இசட்டும், பெட்டிகள் தாமே போர்ட்டைத் திறக்கவிடும் யூபிஎன்பியும் மூடியிருக்கின்றனவா, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் அமைத்துத் தந்த வீட்டார் யாராவது இதை வாசித்தால், நான் வரும்வரை கமராப் பெட்டியிலிருந்து நெட் வயரைக் கழற்றி வையுங்கள்.