பேஃபிள்

தொரப்பள்ளியில் அப்பாவின் ஆர்எக்ஸ் 100-க்கு நான் பார்த்த முதல் இன்ஜினியரிங் வேலை, சைலன்சரிலிருந்து பேஃபிளை உருவியது. 2007, கல்லூரி இரண்டாம் வருடம். சைலன்சரின் வால்பக்கம் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றி, குறடால் பிடித்து முறுக்கி இழுத்தால், ஓட்டை போட்ட குழாய் ஒன்று கரியும் எண்ணெயுமாக வெளியே வரும். கழற்றும்படி வைத்திருப்பதே கரியைச் சுத்தம் செய்யத்தான். நான் சுத்தம் செய்தேன், திரும்ப மாட்டவில்லை, அவ்வளவுதான்.

"சவுண்டு ஏறும் தம்பி, ஆனா பிக்கப் போயிடும்" என்றார் மெக்கானிக் அண்ணன். நான் நம்பவில்லை. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் பாதி இன்ஜின் மாதிரி. புகையோடு ஓர் அழுத்த அலையும் வெளியே ஓடும். குழாய் விரியும் இடத்தில் அதில் ஒரு பங்கு உறிஞ்சும் அலையாகத் திரும்பி மிச்சப் புகையை இழுக்கும். குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, புகையோடு தப்பப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். எல்லாம் கணக்குப் போட்டு வைத்த அளவுகள். பேஃபிள் போனதும் வேகம் கூடியதுபோல் இருந்தது. கூடியது சத்தம் மட்டும்தான். மேட்டில் வண்டி திணறியது. சத்தத்துக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ராஜாஜி பிறந்த ஊர் எங்களுடையது. தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு வாங்கினேன். திட்டாதவர் அப்பா ஒருவர்தான். நான் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்து வைப்பார். மகன் வண்டி ஓட்டும் அழகில் அவருக்குப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். நாள் முழுக்கத் தகடு வெட்டும் சத்தம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். டிவியை ஏற்றி வைப்பதையும், அம்மா எது சொன்னாலும் "ஆங்?" என்பதையும் வயசு என்றே எண்ணியிருந்தோம். 2009-ல் ஆடியோகிராம் எடுத்தோம். கோடு ஓரளவு சமமாக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. இரைச்சலால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். பேச்சில் 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகள் முதலில் போகும். தாழ்ந்த ஒலிகள் மிஞ்சும். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. அப்பாவைப் பற்றி யாரும் யாருக்கும் தெரிவிக்கவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 வெடிப்பு. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், அப்பாவின் காதில் மிச்சமிருந்த பக்கம். அவர் வாசலுக்கு வந்ததற்குக் காரணம் பெருமை இல்லை. வீட்டில் நாங்கள் எழுப்பிய சத்தங்களில் அவருக்குச் சரியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அதன்பிறகும் மூன்று மாதம் பேஃபிள் இல்லாமலே ஓட்டினேன், அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு அழுவதை அவளுடைய அம்மா அப்பாவிடம் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மாட்டிடுடா. அந்தக் குழந்தைக்காவது காது நல்லா இருக்கட்டும்."

மாட்டினேன். அப்பா வாசலுக்கு வருவது நின்றது.

இப்போது சட்டம் சத்தத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பல ஊர்களில் போலீஸ் சைலன்சர்களைக் கழற்றி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறார்கள். பார்க்கையில் பிரஸ் ஷாப்பின் ஞாபகம் வருகிறது. அங்கே எந்த ரோலரும் போகவில்லை.

பெங்களூரில் வேலை முடிந்து வரும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். போன் அவர் சட்டைப் பையில் அதிரும். நான் போய்ச் சேரும்போது கேட் திறந்திருக்கும்.