மூன்று ஆட்டங்கள் உண்டு

விளையாட்டு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பரந்த மைதானமும், ஓடிக் களைத்த கால்களும், விண்ணை முட்டும் ஆரவாரமும்தான். ஆனால் ஓடுவோரும் இல்லாமல், கத்துவோரும் இல்லாமல், பச்சைத் துணி விரித்த ஒரு மேசையைச் சுற்றி ஓசையின்றி நடக்கும் ஒரு விளையாட்டைப் பற்றியே நாங்கள் இங்கு எழுத விரும்புகிறோம். அதுதான் ஸ்நூக்கர். பத்தாம் வகுப்புப் பெண்களுக்கும் ஸ்நூக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டுவரை எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

உண்மையில் நம் உதகைக்கும் இந்த விளையாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் தங்கியிருந்த நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளையும் சேர்த்து இந்த ஆட்டத்தைத் தொடங்கினார் என்றும், இதன் விதிகள் 1882-இல் உதகை கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன என்றும் வரலாறு கூறுகிறது. (பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லின் வேறொருவர்.) நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் இந்த மலையிலிருந்து புறப்பட்ட ஒரு விளையாட்டு, இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கண்டுகளிக்கும் தொழில்முறைப் போட்டியாக வளர்ந்திருக்கிறது என்பது நமக்குப் பெருமையல்லவா?

எங்களில் ஒருத்தியின் தந்தை இங்குள்ள ஒரு கிளப்பில் மார்க்கராக இருக்கிறார். ஆடுவோருக்குப் புள்ளிக் கணக்கு வைப்பதும், பந்துகளை எடுத்து வைப்பதும், மேசைத் துணியைத் துலக்குவதும் அவருடைய வேலை. நாங்கள் அவரை மாமா என்றே அழைப்போம். அவரிடம் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. வெளிநாடுகளில் நடக்கும் ஸ்நூக்கர் போட்டிகளின் முடிவுகளையெல்லாம் நாளிதழிலும் கைப்பேசியிலும் பார்த்து அதில் அழகாகக் குறித்து வைத்திருப்பார். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்து, “மாமா இன்னும் ஹோம்வொர்க் முடிக்கவில்லை” என்று கேலி செய்வோம். அந்த நோட்டு ஒருநாள் எங்களுக்கே பாடமாகும் என்று அப்போது தெரியாது.

காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாள்களைக் கொடுத்த நாள் அது. நாங்கள் நால்வரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்கிறவர்கள். மூவருக்கு எண்பதுக்கு மேல். மார்க்கரின் மகளான எங்கள் தோழிக்கு இருபத்தொன்று. அன்று மாலை நாங்கள் மூவரும், எந்தக் கணக்கில் யாருக்கு எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று பேசிக்கொண்டே பள்ளி வாயிலைத் தாண்டிவிட்டோம். வழக்கமாக நால்வரும் சேர்ந்துதான் வீடு திரும்புவோம். அன்று அவள் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம். பார்க்காததுபோல் நடந்தோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது ஒரு காரணம். அவளோடு நின்றால் எங்கள் மகிழ்ச்சி குறையும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆயினும் அதுவே உண்மை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை. பொதுத்தேர்வு எழுதப் போவதில்லை என்றும், தையல் கற்றுக்கொள்ளப் போவதாகவும் வீட்டில் சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் மனம் குறுகுறுக்க அவள் வீட்டுக்குப் போனோம். மாமா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே திரும்பி மகளையும் கூப்பிட்டு, நால்வரையும் பாயில் உட்காரவைத்து, அந்த நோட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

“நாக்-அவுட்டுக்கும் லீக்குக்கும் என்ன வித்தியாசம் தெரியுமாம்மா?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை.

“நாக்-அவுட்டுல ஒரு ஆட்டம் தோத்தா பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான். லீக்குல அப்படி இல்ல. தோத்தாலும் பட்டியல்ல பேர் இருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு வந்தே ஆகணும்” என்றார். பிறகு 2021-ஆம் ஆண்டின் பக்கத்தைத் திறந்தார். பெருந்தொற்றினால் கிளப் மூடியிருந்த நாட்களில், வேலையில்லாமல் வீட்டிலிருந்தபடி அவர் குறித்த பக்கம் அது.

அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சாம்பியன்ஷிப் லீக் நடைபெற்றது. அமைப்பு 128 வீரர்களுக்கானது. நான்கு நான்கு பேராக 32 பிரிவுகள். ஒரு பிரிவில் ஒவ்வொருவரும் மற்ற மூவருடனும் ஆடவேண்டும். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் நான்கு பிரேம்கள். முதலில் மூன்று பிரேம் எடுத்தவருக்கு வெற்றி, 3 புள்ளிகள். இருவரும் இரண்டிரண்டு எடுத்தால் சமநிலை, ஆளுக்கு 1 புள்ளி. பிரிவில் முதலிடம் பெற்ற 32 பேர் மீண்டும் நான்கு நான்காக 8 பிரிவுகள். அதில் வென்ற எண்மர் 2 பிரிவுகள். அவற்றில் முதல்வந்த இருவர் இறுதியாட்டத்தில்.

மாமா எங்களைக் கணக்குப் போடச் சொன்னார். நால்வர் ஒருவரோடொருவர் ஆடினால் ஆறு ஆட்டங்கள். முதற்கட்டத்தில் 192, இரண்டாவதில் 48, மூன்றாவதில் 12, இறுதியாட்டம் ஒன்று. ஆக 253 ஆட்டங்கள். இதே 128 பேர் நாக்-அவுட் முறையில் ஆடினால் 127 ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். முதல் சுற்றிலேயே 64 பேர் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள். லீக்கிலோ எவரானாலும் மூன்று ஆட்டங்கள் உண்டு. இந்தக் கணக்கை எங்களுள் முதலில் சொன்னவள் யார் தெரியுமா? கணக்கில் இருபத்தொன்று வாங்கிய எங்கள் தோழிதான்!

அந்த லீக்கில் வென்றவர் டேவிட் கில்பர்ட் என்ற ஆங்கிலேயர். அவருடைய தந்தை உருளைக்கிழங்குப் பண்ணை வைத்திருந்தவர். மகனும் அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். நம் நீலகிரியின் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கிடையே வளர்ந்த எங்களுக்கு இதைக் கேட்டதும் அவர் ஏதோ பக்கத்து ஊர்க்காரர் போலவே தோன்றிவிட்டது. கில்பர்ட் 2002-இல் தொழில்முறை வீரரானார். 2015-இல் முதன்முறையாக ஒரு தரவரிசைப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்து ஜான் ஹிக்கின்ஸிடம் தோற்றார். 2018-இல் உலக ஓபன் இறுதியாட்டத்தில் 9-5 என்று முன்னணியில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு பிரேம் எடுத்தால் கோப்பை. ஆனால் மார்க் வில்லியம்ஸ் அடுத்தடுத்து ஐந்து பிரேம்களை எடுத்து 10-9 என்று வென்றுவிட்டார். 2019-இல் ஜெர்மன் மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் 9-7 எனத் தோல்வி. அதே ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் 17-16 எனத் தோல்வி. அதே ஆண்டு இங்கிலிஷ் ஓபன் இறுதியாட்டத்தில் 9-1 எனத் தோல்வி.

நான்கு இறுதியாட்டங்களில் தோற்ற மனிதர் ஐந்தாவது இறுதியாட்டத்துக்கு எந்த மனத்தோடு வந்திருப்பார்! 2021 ஆகஸ்ட் 13 அன்று மார்க் ஆலனை 3-1 என்று வென்று, தம் 40-ஆம் வயதில், தொழில்முறைக்கு வந்த பத்தொன்பதாம் ஆண்டில், தம் முதல் தரவரிசைப் பட்டத்தைப் பெற்றார் கில்பர்ட். மாமா அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அதன் பின்னான பக்கங்களையும் புரட்டினோம். 2022-இல் பெல்ஜியத்தின் லூக்கா பிரெசெல் இந்த லீக்கை வென்றார். மறு ஆண்டே உலகச் சாம்பியனும் ஆனார். 2023-இல் ஷான் மர்பி. 2024-இல் அலி கார்ட்டர். இவர் புற்றுநோயை இரண்டு முறை எதிர்த்து நின்று மீண்டும் மேசைக்குத் திரும்பியவர். 2025-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மகையர். 2004-லேயே பெரிய பட்டம் வென்ற அவர், இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் லெஸ்டருக்கு வந்து வரிசையில் நின்று எல்லாரையும் போலப் புள்ளி புள்ளியாகச் சேர்த்துத்தான் வென்றார்.

லீக் என்றால் புதியவர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். 1987-இல் தொடங்கிய இன்னொரு லீக்கும் இருந்தது. அழைக்கப்பட்ட சில முன்னணி வீரர்கள் மட்டுமே ஆடிய அது, பின்னாளில் பிரிமியர் லீக் எனப் பெயர் பெற்றது. முதல் நான்கு ஆண்டுகளும் ஸ்டீவ் டேவிஸே வென்றார். ஸ்டீபன் ஹென்ட்ரி ஆறு முறையும், ரோனி ஓ’சல்லிவன் பத்து முறையும் வென்றனர். 2005 முதல் ஓர் அடிக்கு 25 விநாடிதான் என்ற விதியும் வந்தது. 2012-இல் ஸ்டூவர்ட் பிங்கம் வென்றதோடு அந்த லீக் நிறைவுற்றது. அத்தகைய மேதைகளும் ஒரு லீக்கில் ஓர் ஆட்டத்தைத் தோற்று, மறு ஆட்டத்தில் வென்று, பட்டியலில் ஏறி இறங்கியவர்களே.

“லீக்குல எல்லாரும் ஜெயிக்கிறாங்கன்னு நான் சொல்லல. நூத்தி இருபத்தெட்டு பேருல ஒருத்தருக்குத்தான் கோப்பை. ஆனா ஒரே நாளை வச்சு யாரையும் அளக்குறதில்ல” என்றார் மாமா. பிறகு மகளின் முகத்தைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்தபடியே, “காலாண்டு, அரையாண்டு, பொதுத்தேர்வு. மூணு ஆட்டம்மா. ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு” என்றார். எங்கள் தோழி அழுதாள். நாங்களும் அழுதோம்.

விடைபெறும்போது மாமா இன்னொன்றும் சொன்னார். ஸ்நூக்கரில் ஒருவருடைய சட்டையோ கோலோ தவறுதலாகப் பந்தைத் தொட்டுவிட்டால் அது தவறாட்டம். எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளிகள் போகும். நடுவர் கவனிக்காவிட்டாலும், ஆடியவரே கையை உயர்த்தி, “தொட்டுவிட்டேன்” என்று சொல்லிவிடுவதே அந்த விளையாட்டின் மரபு. அவர் எங்களை நினைத்துச் சொன்னாரோ இல்லையோ, எங்கள் மூவருக்கும் முகம் சுட்டது. வாசற்படியிலேயே நின்று தோழியிடம், “அன்று உன்னைப் பார்த்தோம். பார்த்தும் நிற்காமல் போனோம்” என்று சொல்லிவிட்டோம். “தெரியும்” என்றாள் அவள். அவ்வளவுதான். திங்கட்கிழமை பெஞ்சில் மறுபடியும் நான்கு பேர்.

அன்று முதல் நாங்களும் ஒரு லீக் தொடங்கினோம். நால்வரும் ஒருவரோடொருவர் ஜோடி சேர்ந்து படிப்பது. ஆறு ஜோடிகள். ஞாயிறு திருப்பலிக்குப் போகவேண்டியிருப்பதால் அன்று ஓய்வு. மற்ற ஆறு நாட்களும் நாளுக்கு ஒரு ஜோடி. கணக்கு எங்களிடமிருந்து அவளுக்குப் போயிற்று. தமிழ்ச் செய்யுளும் சமூக அறிவியல் ஆண்டுகளும் அவளிடமிருந்து எங்களுக்கு வந்தன. அவளுக்கு இவ்வளவு தெரியும் என்பதை ஐந்தாண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்தும் நாங்கள் அறியாதிருந்தோம்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் பெற்றது முப்பத்தைந்து. சரியாகத் தேர்ச்சி மதிப்பெண். செய்தி கேட்டதும் மாமா சிரித்துக்கொண்டே, “ரெண்டுக்கு ரெண்டு. டிரா. ஒரு புள்ளி உண்டு” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் லெஸ்டர் வீரர்களின் பெயர்களுக்குக் கீழே இப்போது எங்கள் நால்வரின் பெயர்களும் இருக்கின்றன.

இந்த மலர் உங்கள் கைகளில் தவழும்போது மூன்றாவது ஆட்டம் நெருங்கியிருக்கும். அதன் முடிவு என்னவாகும் என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆயினும் அன்புத் தங்கையரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வுத் தாள் கொடுக்கும் நாளில் உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தபின், ஒருமுறை பெஞ்சின் மறுகோடியையும் பாருங்கள். அங்கு ஒருத்தி தலைகுனிந்திருந்தால், அவளுக்கு இன்னும் ஆட்டங்கள் மிச்சமிருக்கின்றன என்று சொல்லுங்கள். பள்ளி வாயிலில் அவளுக்காகச் சற்று நில்லுங்கள். நாங்கள் ஒருநாள் நிற்கத் தவறினோம். கையை உயர்த்தி இதைச் சொல்லிக்கொள்கிறோம்.

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர்