தாய்மார் கேட்கிற கேள்விகள்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயது நிறையாத பிள்ளைகள் வரை ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு ஊசி. பள்ளிக்கூடத்துக்கு மருந்து வந்து சேருமுன் வீடுகளுக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு வந்துவிட்டது. ஆட்டிசம் வரும், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இருக்காது என்றெல்லாம் அதில் சொன்னார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் ஊசிக்குச் சம்மதம் சொல்கிறவர் பல வீடுகளில் வளைகுடாவில் இருக்கிறார். "பிள்ளைக்க வாப்பாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் சிஸ்டரே" என்று ஒரு தாய் சொன்னால் அதை மறுப்பு என்று எழுதிவிடக் கூடாது. அங்கே தேவைப்படுவது ஒரு போன் அழைப்பு. நம் படிவத்திலோ அந்த வீடும், ஊசியே கூடாது என்று கதவடைத்த வீடும் ஒரே கட்டத்தில்தான் விழுகின்றன.

விழிப்புணர்வு வேலையை மதிப்பிடச் சொன்னால் எத்தனை கூட்டம், எத்தனை துண்டுப் பிரசுரம், மைக் கட்டிய ஆட்டோ எத்தனை தெரு சுற்றியது என்று எண்ணிக் கொடுக்கிறோம். அதெல்லாம் நாம் பேசியதன் கணக்கு. கேட்டவர் மனசில் என்ன தங்கியது என்பதற்கு நான் நம்பும் அளவுகோல், கூட்டம் முடிந்தபின் தாய்மார் கேட்கிற கேள்விகள்தான். அவற்றை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே குறித்து வைக்க வேண்டும். "இதுல என்னத்தைக் கலக்குதாவ?" என்பது முதல் வாரக் கேள்வி. "இளையவனுக்குச் சளி இருக்கு, அடுத்த புதன்கிழமை கொண்டு வரட்டா?" என்பது பிறகு வரும் கேள்வி. அந்த நகர்வுதான் வெற்றி. முதல் கேள்வியே மாதக்கணக்கில் நின்றால் பிரசுரத்தை மாற்றி எழுத வேண்டும்.

வதந்தியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கீழே "நம்பாதீர்" என்று போடும் பிரசுரங்களை நான் எதிர்க்கிறேன். அந்தப் பொய்யைக் கேள்வியேபடாத வீட்டுக்கும் நாமே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை விழலாம், காது கேளாமல் போகலாம், இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை வைத்திருக்கிற தாய்க்கு அது உடனே புரிகிறது.

பயத்துக்கும் காரணம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. அதைக் கேட்கிறவரிடம் மழுப்பக் கூடாது. பொடி மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிடுகிறோம், பிள்ளைக்கொரு புது சிரிஞ்சு, ஊசிக்குப்பின் அரைமணி நேரம் உட்கார வைக்கிறோம் என்று கையில் குப்பியை வைத்துக்கொண்டு காட்ட வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் போலியோவுக்கு எதிராக வேலை செய்தவர்கள் மறுத்த வீடுகளைக் காரணத்தோடு எழுதி வைத்தார்கள். இமாம்களையும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரையும் கூட்டிக்கொண்டு அதே வாசலுக்குத் திரும்பப் போனார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ இல்லை.

"ராத்திரி காய்ச்சல் அடிச்சா ஆரு வருவா?" இந்தக் கேள்விக்குப் பிரசுரம் பதில் ஆகாது. ஊசி போட்ட மறுநாள் செவிலியர் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரிக்கும் பதில் கிடைத்துவிடும். அந்த மறுநாள் வருகையை எழுத அறிக்கையில் ஒரு கட்டம் வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டங்களில் எல்லாம் நான் கேட்பது அதைத்தான்.