மாண்டவி கரையில் ஒரு 23 பர்சென்ட்

பனாஜி. மாண்டவி ஆத்தங்கரை. சாயங்காலம் ஆறே முக்கால். என் ஆதார் கார்டைப் பார்த்த செக்யூரிட்டி, என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். "இக்கீஸ்" என்று ஒரே வார்த்தை. 21 வயசு ஆனாத்தான் கேசினோ கப்பலுக்குப் போற படகில் ஏத்துவாங்க. எனக்கு 20. அஞ்சு மாசம் குறையுது.

ஸோ பாஸ், 'கேசினோவுக்குள் ஒரு ராத்திரி' என்று நினைச்சு இந்தப் பக்கத்தைத் திருப்பியிருந்தா ஸாரி. இது கரையில நின்னவன் கதை. உள்ளே போனவர் எங்க ஹாஸ்டல் ரூம் சீனியர். பேர் வேண்டாம், அவங்க வீட்ல இந்தப் புத்தகம் வாங்குறாங்க.

ஆறு பேர் கிளம்பி வந்த டூர். மட்காவ் ஸ்டேஷன்ல இறங்கி, கதம்பா பஸ் பிடிச்சு பனாஜி. கோவான்னா பீச்சுதானேன்னு நினைப்பீங்க. எங்களுக்கும் ரெண்டு நாள் அதுதான். மூணாவது நாள் சாயங்காலம் இந்த ஆத்தங்கரைக்கு வந்தோம். நடு ஆத்துல நங்கூரம் போட்டு நிக்குற கப்பல்கள், தலை முதல் கால் வரை சீரியல் பல்பு, தண்ணியில அந்தக் கலர் எல்லாம் கரைஞ்சு ஓடுது. மத்த நாலு பேர் பேல்பூரி சாப்பிடப் போயிட்டாங்க. சீனியர் மட்டும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். பாக்கெட்ல 16,000 ரூபாய். அவங்க அம்மா சீட்டு எடுத்து அனுப்பின கடைசி செமஸ்டர் ஃபீஸ்.

"தம்பி, அந்த எக்ஸெல் ஷீட்டை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

இங்கேதான் நான் வர்றேன். நான் சிவில், தேர்ட் இயர். ப்ராபபிலிட்டி பேப்பர் முடிச்ச ஜோர்ல லீவுக்கு முன்னாடி பிளாக்ஜாக்குக்கு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டிருந்தேன். ஆட்டம் சிம்பிள். நீங்களும் டீலரும் சீட்டு எடுக்கிறீங்க. 21-ஐத் தாண்டாம யார் கிட்ட போறாங்களோ அவங்களுக்கு ஜெயிப்பு. தோத்தா அடுத்த கையில பந்தயத்தை ரெட்டிப்பாக்கு, ஜெயிக்கிற வரைக்கும். 500, 1,000, 2,000, 4,000, 8,000. எந்தக் கையில ஜெயிச்சாலும் விட்டதெல்லாம் திரும்பி, மேல 500 லாபம். அப்படி ஆறு தடவை, 3,000 சேர்ந்ததும் எழுந்து வந்துடணும். பத்தாயிரம் வரிசை ஓட்டிப் பார்த்தேன். நூத்துக்கு 77 தடவை 3,000 லாபத்தோட வெளியே வந்தது.

மீதி 23 தடவை அஞ்சு கை தொடர்ந்து தோத்து, 15,500 காலி.

ரெண்டு நம்பரையும் நான் சொன்னேன். சத்தியமா சொன்னேன். ஆனா 77-ஐ சத்தமா சொன்னேன், 23-ஐ மெதுவா சொன்னேன்.

அவர் படகேறிப் போனதும் எனக்குக் கரையில நிக்க முடியலை. பக்கத்துல பெட்டிம் போற ஃபெர்ரி. நடந்து ஏறுறவங்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தக் கரைக்குப் போறதும் இந்தக் கரைக்கு வர்றதுமா இருந்தேன். பனாஜி போனா இதைக் கண்டிப்பா பண்ணுங்க. ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே ஏறுற ஆபீஸ் அக்காக்கள், மீன்கூடை வாசம், காதுல விழுற கொங்கணி. பகட்டா மின்னுற கப்பல் எதிர்ல நிக்குது, ஃபெர்ரியில ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்க்கலை. தினம் பார்க்கிறதால மட்டும் இல்லை. 2020 பிப்ரவரி 1-லேர்ந்து கோவாக்காரங்களுக்கு கேசினோவுல ஆட அனுமதி கிடையாது. கப்பல் அவங்க ஊர் ஆத்துல, ஆட்டம் நம்மளை மாதிரி டூரிஸ்ட்டுக்கு. யோசிச்சுப் பார்த்தா இதை விட நேர்மையான விளம்பரப் பலகை இருக்க முடியாது!

இன்னொரு தமாஷ். கரையில பழைய செக்ரடேரியட் கட்டடத்துக்குப் பக்கத்துல ஒரு சிலை. கையை விரிச்சுக்கிட்டு ஒருத்தர், கீழே மயங்கிச் சரியுற ஒரு பொண்ணு. அபே ஃபாரியா, கோவாவில் பிறந்த பாதிரியார், ஹிப்னாடிஸத்தின் முன்னோடிகளில் ஒருத்தர். கப்பல் இருக்கிற ஆத்தங்கரைக்கு இதை விடப் பொருத்தமா யார் சிலையை வெச்சிருக்க முடியும், சொல்லுங்க.

ரெண்டாவது ட்ரிப்ல செல்போன் கால்குலேட்டரை எடுத்தேன். எக்ஸெல்ல நான் கேட்காத கேள்வியை அப்பதான் கேட்டேன். ரெட்டிப்பு எல்லாம் இல்லாம, ஒவ்வொரு கைக்கும் 500 மட்டும் வெச்சு ஆடினா?

பிளாக்ஜாக்ல டை ஆகிற கையைத் தள்ளிட்டா, நூத்துக்கு சுமார் 53 கை நாம தோக்குற கை. ஆனா முதல் ரெண்டு சீட்டுலயே 21 விழுந்தா ஒன்றரை மடங்கு கிடைக்கும், நல்ல கையில பந்தயத்தை டபுள் பண்ணிக்கலாம். அதனால விதிகள் நல்லா இருந்து, எந்தக் கைக்கு என்ன செய்யணும்கிற சார்ட்டைப் பிசகாம ஆடினா கேசினோவோட பங்கு அரை சதவிகிதத்துக்குப் பக்கத்துலதான். மணிக்கு 60 கைன்னு வெச்சாலும் சராசரி நஷ்டம் 150 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட்! இதைப் பார்த்துத்தான் எல்லாரும் விழுறோம்.

ஏன்னா ஒரு கையோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பந்தயத்தைப் போல 1.15 மடங்கு. 60 கைக்கு வர்க்கமூலம் போட்டுப் பெருக்கினா சுமார் 4,450 ரூபாய். அதாவது சராசரி 150, ஊசலாட்டம் 4,450. அந்த ஒரு மணி நேரத்துல நீங்க நல்லா ஆடினீங்களா மோசமா ஆடினீங்களான்னு பர்ஸைப் பார்த்துத் தெரிஞ்சுக்கவே முடியாது. வேரியன்ஸ், வேரியன்ஸ்னு ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினேனே, அது இதுதான். மூணு மணி நேரம், 180 கை ஆடினா சராசரி நஷ்டம் 450, ஊசலாட்டம் 7,700. கையில 16,000 இருந்தா மொத்தமும் போறதுக்கு வாய்ப்பு நூத்துக்கு நாலஞ்சு.

அதே 16,000, அதே டேபிள். ஒரு மாதிரி ஆடினா நாலஞ்சு, இன்னொரு மாதிரி ஆடினா 23. சீட்டு மாறலை, டீலர் மாறலை, பந்தயத்தோட அளவு மட்டும் மாறியிருக்கு. கையிருப்புல எத்தனையில ஒரு பங்கை ஒரு கையில வைக்கிறோம்கிறதுதான் கணக்கு. கடைசி 8,000-ங்கிறது கையிருப்புல பாதி.

ஃபெர்ரியிலேர்ந்து பார்த்தா ஆத்துக்குக் குறுக்கே பாலங்கள் தெரியும். 2019-ல் திறந்த கேபிள் பாலம் செம அழகு. ஆனா 1986 ஜூலையில இதே ஆத்துல ஒரு பாலம் இடிஞ்சு விழுந்திருக்கு. சராசரி லோடுக்கு யாரும் பாலம் டிசைன் பண்றதில்லை, பண்ணினா நிக்காது. எனக்கு மூணு வருஷமா அதைத்தான் சொல்லித் தர்றாங்க. எக்ஸெல் ஷீட் போட்டப்ப மட்டும் அது ஞாபகம் வரலை.

அவர் திரும்பி வந்தப்ப ஒரு மணி நேரம் கூட ஆகலை. என்ட்ரி கட்டணத்துல சாப்பாடும் சேர்த்தி, அதைக் கூட சாப்பிடாம வந்துட்டார். நான் கேட்கலை. அவரே சொன்னார்.

அஞ்சு தடவை ஜெயிச்சு 2,500 லாபத்துல இருந்திருக்கார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. அப்பதான் 500 போச்சு, 1,000 போச்சு, 2,000, 4,000. அஞ்சாவது கையில 8,000 வெச்சார். வந்தது என்ன தெரியுமா? அவருக்கு 11, டீலருக்கு 6. பிளாக்ஜாக்ல இதை விட நல்ல நிலைமை ரொம்பக் கம்மி. சார்ட்டைக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டு 'டபுள்' என்று சொல்லும். டபுள் பண்ண இன்னொரு 8,000 வேணும். மீதி இருந்தது 3,000.

சரி, ஒரு சீட்டு வாங்கினார். 4. ஆக 15. டீலர் 6-ல இருக்கும்போது 15-ல நிக்கிறதுதான் சரி, நின்னார். டீலருக்கு ஒரு 10. 16 ஆச்சு. அடுத்த சீட்டு 5.

"நான் எதுவும் தப்பா ஆடலைடா" என்றார். உண்மை. அந்தக் கையில அவர் செஞ்ச எதுவும் தப்பில்லை. டபுள் பண்ணப் பணம் இருந்திருந்தா அதுவும் சேர்ந்து போயிருக்கும். தப்பெல்லாம் படகு ஏறுறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது.

மீதி 3,000-ஐ ஒரே கையில வெச்சிருக்கார். எக்ஸெல்ல அந்த வரிசை கிடையாது. அதுல அஞ்சு கை தோத்தவன் எழுந்து போயிடுவான்.

ராத்திரி கதம்பா பஸ் ஸ்டாண்ட்ல உட்கார்ந்து அவருக்கு எட்வர்ட் தோர்ப் கதை சொன்னேன். ஆறுதலுக்கா, இல்லை என் வாய் சும்மா இருக்காததாலயா, தெரியலை. எம்.ஐ.டி.யில கணக்கு வாத்தியார். ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, போன சீட்டுகளை ஞாபகம் வெச்சா கேசினோவை ஜெயிக்கலாம்னு நிரூபிச்சவர். 1961-ல் நெவாடாவுக்குக் கிளம்பறார். ரெண்டு பணக்காரங்க ஒரு லட்சம் டாலர் வரைக்கும் தரத் தயார். அவர் பத்தாயிரம் போதும்னுட்டார். சின்னப் பந்தயத்துல ஆரம்பிச்சு, சீட்டு சாதகமா இருக்கும்போது மட்டும் ஏத்தி, சுமார் 11,000 டாலர் லாபத்தோட வந்தார். எவ்வளவு ஏத்தறதுன்னு சொன்னது 1956-ல் பெல் லேப்ஸ் விஞ்ஞானி கெல்லி எழுதின பார்முலா. உங்களுக்கு 1 சதவிகிதம் சாதகம் இருந்தா, பிளாக்ஜாக்ல கையிருப்புல முக்கால் சதவிகிதம்தான் வைக்கலாம். 500 ரூபாய் பந்தயத்துக்கு 65,000-க்கு மேல கையிருப்பு வேணும். அதுவும் சீட்டு எண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு!

"நம்மளை மாதிரி ஆளுக்கு?" என்றார் சீனியர்.

நமக்கு சாதகம் மைனஸ். மைனஸைப் போட்டா கெல்லி பார்முலா பந்தயம் பூஜ்யம்னு சொல்லுது. பதில் சொல்லாம டீ வாங்கிட்டு வந்தேன்.

நீங்க 21 முடிஞ்சு, ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்னு போனா, நான் தடுக்க மாட்டேன். அடுத்த டிசம்பர்ல நானே போனாலும் போவேன். திரும்பி வராட்டியும் பரவாயில்லைங்கிற பணத்தை மட்டும் எடுத்துட்டுப் போங்க, ரிட்டர்ன் டிக்கெட்டும் ஏ.டி.எம். கார்டும் ரூம்லயே இருக்கட்டும். டேபிள் மினிமம் அந்தப் பணத்துல நாப்பது, அம்பதுல ஒரு பங்குக்கு மேல இருந்தா உட்காரவே வேண்டாம். வேடிக்கை பாருங்க, அதுவே நல்ல ஷோ. உட்கார்ந்தா டேபிள் துணியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. நேரடி 21-க்கு '3-க்கு 2' என்று இருந்தா 500-க்கு 750. '6-க்கு 5' என்று இருந்தா 600தான். சின்ன வித்தியாசமாத் தெரியும். கேசினோவோட பங்கை அரை சதவிகிதத்திலேர்ந்து கிட்டத்தட்ட ரெண்டு சதவிகிதமா ஆக்கிடும் அது. சாப்பாட்டை மட்டும் விட்டுடாதீங்க, காசு கொடுத்திருக்கீங்க.

ஃபீஸ் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஹாஸ்டல்ல கலெக்ஷன் போட்டோம். அவங்க வீட்டுக்குத் தெரியாது. சீனியர் மாசா மாசம் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துட்டு வர்றார். என் பங்கு 3,000. அதைத் திருப்பித் தர வேண்டாம்னு சொன்னேன். "ஏன்டா?" என்றார். "எக்ஸெல் ஷீட் என்னோடது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"அப்ப 23 பர்சென்ட் போட்டா 3,680 வருது. மீதி 680 எப்ப தர்றே?"

ஜனவரிக்குள்ள தர்றேன்னு சொல்லியிருக்கேன்.