நானா பத்திரப்படுத்திய காகிதம்

கூச்சத்தின் காரணமாக நம் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு நோயைப் பற்றி, நான் செய்த தவறு ஒன்றையும் சேர்த்து, உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

நாகூரில் பிறந்த என் மூத்த நானா, சிங்கப்பூரில் பணமாற்றுக் கடை நடத்தி அந்நாட்டின் குடிமகனாகவே ஆகிவிட்டவர். 50 வயதைக் கடந்தோர் பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, ஆண்டுக்கொருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமென்று அங்கே வலியுறுத்தி வந்தனர். கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் மலத்தில் கலந்துள்ளதா என்று பார்க்கும் எளிய சோதனை அது. வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பிவிடலாம். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானா அதைச் செய்தார். இரத்தம் இல்லையென்று முடிவு வந்தது. தொலைபேசியில் வாசித்துக் காட்டி மகிழ்ந்தார். காகிதத்தை அலமாரியில் பத்திரப்படுத்தினார்.

ஏழெட்டு மாதங்களில் அவருக்குக் களைப்பு மிகுந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் கழிக்கும் வழக்கமும் மாறியது. தயங்கித் தயங்கி அவர் அதைச் சொன்னபோது, "பரிசோதனையில்தான் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே நானா! வயதாகிறதல்லவா, கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்றேன். ஆறுதலாக எண்ணித்தான் கூறினேன். அந்த ஆறுதல் அவருடைய நான்கு மாதங்களை விழுங்கிவிட்டது.

முகம் வெளிறியதைக் கண்ட மச்சிதான் அவரை வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கடும் இரத்தசோகை. குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்த்தபோது, பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தது. அருகிலிருந்த நிணநீர் முடிச்சுகளுக்கும் அது பரவியிருந்தது.

"அப்படியானால் முந்தைய சோதனை பொய்யா?" என்று நானா வினவினார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அச்சோதனையை ஒருமுறை செய்தால், 100 புற்றுநோய்களில் ஏறத்தாழ 80ஐக் கண்டறியும், எஞ்சியவை தப்பிவிடும். கட்டி எல்லா நாளும் இரத்தம் கசியவிடுவதில்லை. இவ்வாறு ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெளிப்படுவதை இடைக்காலப் புற்றுநோய் என்கின்றனர். குழாய்ப் பரிசோதனையும் இதற்கு விலக்கன்று. குடல் நன்கு சுத்தமாகவில்லையெனில், தட்டையான சிறு தசை வளர்ச்சிகள் கண்ணில் படாமல் போகலாம். ஆகவேதான் அதற்கு முன்பு கொடுக்கப்படும் பேதி மருந்தைச் சொன்னபடி முழுமையாக அருந்த வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, 'பரிசோதனையே வீண்' என்று எண்ணிவிடாதீர்கள்! தசை வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆதலால் ஒருமுறை தப்பியது மறுமுறை அகப்படும் வாய்ப்பு உண்டு. தவணை தவறாமல் செய்வதே அதன் பலன்.

அறுவை சிகிச்சைக்கும் பல மாத மருந்துகளுக்கும் பின்னர், அல்ஹம்துலில்லாஹ், நானா இன்றும் நம்மோடு இருக்கிறார். ஆயினும் அந்த நான்கு மாதங்களை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு குறுகுறுக்கிறது.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெரியவர் மலத்தில் இரத்தம் என்றோ, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு மாறியிருக்கிறது என்றோ, காரணமின்றி மெலிகிறேன் என்றோ சொன்னால், பழைய காகிதத்தைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். அக்காகிதம் அந்த ஒரு நாளின் நிலையை மட்டுமே சொல்லும். வெட்கத்தை ஒதுக்கி, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.