சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேண வேண்டியதன் தேவையை உணர்த்த இப்பழமொழியைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் விளக்கி வந்தேன். உவமையை விளக்கிய நான், எதிரே நின்ற உண்மைச் சுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அப்பிழையை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்வது, நாளை ஆசிரியர்களாகவும் நிர்வாகிகளாகவும் திகழவிருக்கும் மாணவர்க்குப் பயன் தரும் என எண்ணுகிறேன்.

திருவண்ணாமலையில் நான் பணியாற்றிய பள்ளியின் பழைய கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பெற்றது. அதன் ஆறாம் வகுப்பறையின் வடக்குச் சுவரில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் கரும்புள்ளிகள் தோன்றும். தை பிறந்ததும் மங்கிவிடும். ஓராண்டு, பள்ளி விழாவை முன்னிட்டு அவ்வறையை அழகுபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. புள்ளிகளின் மீதே நீல வண்ணம் பூசச் செய்தேன். அது போதாதென்று, தமிழறிஞர் படங்கள் ஒட்டிய பெரிய அட்டை ஒன்றையும் அங்கே மாட்டினேன். வந்தோர் அனைவரும் பாராட்டினர், நானும் மகிழ்ந்தேன்.

அச்சுவரை ஒட்டிய இருக்கையில் மாணவன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவனுக்கு ஓயாத இருமல். செய்யுளை ஒப்புவிக்க எழுந்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும். படிக்காமல் வந்துவிட்டு இருமலைச் சாக்காகக் காட்டுகிறான் என்று கருதி, ஒருநாள் அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. தலைகுனிந்தவாறே அமர்ந்தான்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் பெருமழையில் அண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் சிறுவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்த துயரை இவ்வூர் என்றும் மறவாது. அப்பேரிழப்பின் முன்னே ஒரு வகுப்பறையின் ஈரம் சிறு செய்திதான். ஆயினும் அந்த மழைதான் என் கண்களைத் திறந்தது.

பள்ளி மீண்டும் திறந்த நாளில், நான் மாட்டிய அட்டை தரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகுப்புறம் முழுவதும் பச்சையும் கருமையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. அட்டை மறைத்திருந்த சுவரிலோ வண்ணம் கொப்புளித்து உரிந்து தொங்கியது. நனைந்த சாக்கின் நாற்றம் அறையெங்கும் வீசியது. அந்தக் காற்றைத்தான் நாற்பது பிள்ளைகள் நாள்தோறும் உட்கொண்டனர் என்று எண்ணியபோது நெஞ்சு நடுங்கியது.

முதியவரான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். புதிய வண்ணம் பூசினால் போதுமா என்று வினவினேன். அவர் சிரித்தார். "ஐயா, அழுகிற பிள்ளைக்குக் கண்ணைத் துடைத்துவிட்டால் ஆயிற்றா? எங்கே அடிபட்டது என்று பார்க்க வேண்டாமா?" என்றார்.

அன்று அவர் எனக்கு ஆசிரியரானார். சுவரின் மேற்பகுதியில் பழுப்பு வளையங்கள் இருந்தால் நீர் தளத்திலிருந்து இறங்குகிறது. அடியிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் ஓதம் நிலத்திலிருந்து ஏறுகிறது. காற்றோட்டமற்ற மூலையில் மட்டும் புள்ளிகள் இருந்தால் அறையின் ஈரக்காற்றே குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது என விளக்கினார். ஐயமிருந்தால், பிளாஸ்டிக் தாள் ஒன்றின் நான்கு ஓரங்களையும் சுவரோடு இடைவெளியின்றி ஒட்டி இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளிகள் அரும்பினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் அரும்பினால் குற்றம் அறைக்காற்றினது. நாங்கள் ஒட்டிய தாளில் உட்புறமே நனைந்திருந்தது.

எங்கள் சுவரில் இரு குறைகள் இருந்தன. மாடியின் நீர்ப்போக்கிப் புங்க மரச் சருகுகளால் அடைபட்டு, மழைநீர் தளத்தில் குளமாகத் தேங்கியிருந்தது. வெளியேயோ ஆண்டுதோறும் மண் கொட்டி முற்றத்தை உயர்த்தியதால், வகுப்பறைத் தரையைவிட வெளிமண் மேலேறிச் சுவரைத் தழுவி நின்றது. இவற்றோடு, பழைய சுண்ணாம்புச் சுவரின் மீது பிற்காலத்தில் சிமெண்டுக் காரை பூசியிருந்தனர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சோ அதை உள்ளேயே சிறைப்படுத்தும்.

முதலில் நீர்ப்போக்கியைத் தூர் நீக்கினோம். வெளிமண்ணைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி எடுத்து, நீர் சுவரைவிட்டு விலகி ஓடச் சாய்வு அமைத்தோம். தளத்தின் வெடிப்புகளை அடைத்தோம். பூசணத்தைப் பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தோம். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் அதன் நுண்விதைகள் காற்றில் பறந்து அறையெங்கும் பரவிவிடும். ஊறிப்போன அட்டைகளையும் பாய்களையும் இரக்கமின்றி அப்புறப்படுத்தினோம். ஓதம் ஏறிய உயரத்துக்கும் மேலாகச் சிமெண்டுக் காரையைக் கொத்தியெடுத்து, பங்குனி, சித்திரை வெயிலில் சுவரை உலரவிட்டு, அதன் பின்னரே சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடித்தோம். புத்தக அலமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தோம். அடைத்தே கிடந்த எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தோம்.

அம்மாணவனின் தாயாரைச் சந்தித்தபோதுதான், அவனுக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமா உண்டு என அறிந்தேன். அந்நோயைச் சுவர் உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரமும் பூசணமும் படிந்த கட்டடங்களில் இருப்போர்க்குச் சுவாசத் தொல்லைகள் மிகும், ஆஸ்துமா கடுமையாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நூல் கூறுகிறது. நோயுற்ற பிள்ளையை நோய் வளர்க்கும் சுவரருகே அமர்த்தி, அவன் இருமியதற்காக அவனையே கடிந்தவன் நான்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். தமிழகப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு முனைந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். பழுதுற்ற பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டன. தீயும் இடிபாடும் நாட்டை உலுக்குகின்றன. பூசணமோ ஓசையின்றிப் பிள்ளைகளின் மூச்சில் புகுகிறது. அதைக் காண ஆசிரியரின் கண்ணும் மூக்குமே வேண்டும்.

மறு கல்வியாண்டில் அம்மாணவனைச் சன்னலோர இருக்கையில் அமரச் செய்தேன். வகுப்பார் முன்னிலையில் கடிந்ததால், வகுப்பார் முன்னிலையிலேயே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவனுக்கு மழைக்காலத்தில் இன்னும் மருந்து தேவைப்படுகிறது. எனினும் ஒருநாள் எழுந்து நின்று செய்யுள் முழுவதையும் இடையில் நிறுத்தாமல் ஒப்புவித்தான்.

அன்பார்ந்த மாணவர்களே! நீங்கள் எப்பள்ளியில் பொறுப்பேற்றாலும், புரட்டாசி முடியுமுன் ஒருமுறை அதன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். நீர்ப்போக்கியில் கிடக்கும் சருகுகளை உங்கள் கையாலேயே அள்ளுங்கள். சுவரில் கறை கண்டால் படம் மாட்டி மறைக்காதீர்கள். எங்கள் வடக்குச் சுவரில் இப்போது எந்தப் படமும் இல்லை. வெறும் வெள்ளைச் சுவராகவே அதை விட்டு வைத்திருக்கிறார்கள்.